மூணு வார்த்தைக்குத் தடை

டிசம்பர் 3, திங்கள்

வந்து சேர்ந்தாச்சு. தர்மபுரியிலிருந்து லாரியில் பதினோரு மணி நேரம். முன்னால் டிரைவரும், இந்தக் கேங்குக்கு எஞ்சினியரான நானும். பின்னால் கயிறு, கடப்பாரை, ஏணி, மின்வாரியத்து ஆட்கள் பன்னிரண்டு பேர். ஊர் பெயர் பிடாரிக்குத்தகை. புயல் போய் எட்டு நாள் ஆகிறது. வழி நெடுக தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்துக் கிடக்கின்றன. கிளம்பும்போது பாட்டும் கூத்துமாக வந்தவர்கள், திருத்துறைப்பூண்டி தாண்டியதும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் தங்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்களுக்கு இரண்டு வகுப்பறை, எனக்குத் தலைமையாசிரியர் அறை. போனில் சார்ஜ் இல்லை, இருந்தாலும் டவர் இல்லை. கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். அதனால் சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த இந்த டைரி. மெயின் ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும் ஐந்து கிலோமீட்டர், விழுந்த மின்கம்பம் எழுபத்தெட்டு. ஊருக்குள் விழுந்தது தனி.

டிசம்பர் 4, செவ்வாய்

காலையில் கண் விழிப்பதற்குள் பள்ளிக்கூட வாசலில் முப்பது பெண்கள். முன்னால் நின்றவர் தையல்நாயகி, இந்த ஊர் வார்டு மெம்பர், ஐம்பது வயதிருக்கும். கரண்ட் எப்போது வரும் என்று ஒரே கேள்வி. எங்கள் ஃபோர்மேன் தீர்த்தகிரி அண்ணன், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், உள்ளதைச் சொல்கிற மனுஷன். இருபது நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் ஒரு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை, சும்மா உட்கார்ந்தாள்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "வர்ற வெள்ளி இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளி. பதினாலாம் தேதி உங்க வீட்ல ஃபேன் ஓடும்" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தத் தேதி வந்தது என்று எனக்கே தெரியாது. தீர்த்தகிரி அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும். அந்த அம்மா எழுந்துவிட்டாள் இல்லையா.

டிசம்பர் 5, புதன்

மழை. குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறுகிறது. வயலில் இடுப்பளவு சேறு, எந்த வண்டியும் இறங்காது. ஒரு கம்பத்தை எட்டுப் பேர் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவழியில் ஒருத்தன் கால் புதைந்தால் எட்டுப் பேரும் சிலை மாதிரி நிற்க வேண்டும். நாள் முழுக்க மூன்றே மூன்று கம்பம்.

சாயங்காலம் வரிசையாக வந்தார்கள். முடியாது மேடம். கயிறு இல்லை மேடம். ரொம்பக் கஷ்டம் மேடம். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வகுப்பறைக் கரும்பலகையில் சாக்பீஸால் பெரிசாக எழுதினேன்: முடியாது, இல்லை, கஷ்டம் - இந்த மூணு வார்த்தைக்கு இங்கே தடை. சொன்னவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். ஆகும், ஆச்சு, வரும் - இது மட்டும்தான் பேச்சு.

எல்லாரும் சிரித்தார்கள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

டிசம்பர் 6, வியாழன்

தடை வேலை செய்கிறது! சாப்பாட்டில் சென்றாயன் ஒரு வாய் வைத்துவிட்டு, சாம்பாருக்கு உப்பு வந்துகொண்டே இருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை என்றான். சமையல்காரர் உட்பட எல்லாரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். சென்றாயன் லைன்மேன், இருபத்தொன்பது வயது, இரண்டு மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். கம்பத்தில் ஏறுவதைப் பார்த்தால் மாடிப்படி ஏறுகிற மாதிரி இருக்கும். இன்று ஆறு கம்பம்.

பாத்திரம் கழுவியது மாதையன். வாய் தவறி "கயித்துக்கு முடிச்சு இல்ல" என்று சொல்லி மாட்டிக்கொண்டார். மாதையன் காண்ட்ராக்ட் ஆள், நாற்பத்தாறு வயது. பதினேழு வருஷமாக நிரந்தரம் ஆகும் ஆகும் என்று காத்திருக்கிறார். சென்றாயனும் அவரும் ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்து வீடு. பாத்திரம் கழுவும்போது சென்றாயன் போய்க் கூட உட்கார்ந்து தேய்த்தான்.

டிசம்பர் 7, வெள்ளி

ஒன்பது கம்பம். ஒன்பது!

டிசம்பர் 9, ஞாயிறு

லீவெல்லாம் கிடையாது. ஊரில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். குளத்துத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், வேறு வழி? குடிதண்ணீர்த் தொட்டி நிமிர்ந்துதான் நிற்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது, கரண்ட்தான் பாக்கி. தையல்நாயகி அக்கா ஒரு யோசனையோடு வந்தார். அவர் கொழுந்தனார் பந்தல் போடுகிறவர், ஜெனரேட்டர் வைத்திருக்கிறார், கொண்டுவரச் சொல்லட்டுமா என்றார். தாராளமாக என்றேன். புதன்கிழமை வரும்.

ஒரு விஷயம் செய்தாக வேண்டும். பம்ப் ரூமுக்குப் போகும் சர்வீஸ் ஒயரைக் கம்பத்திலேயே வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் கரண்ட் பின்வழியாக நம் கம்பியில் ஏறிவிடும். செத்த லைன் என்று நம்பிக் கை வைக்கிறவன் கதி அதோகதி. மாதையனைக் கூப்பிட்டு, செவ்வாய்க்குள் வெட்டி விடுங்கள் என்று சொன்னேன். "ஆயிடும் மேடம்" என்றார்.

டிசம்பர் 11, செவ்வாய்

நாற்பத்தொன்பது கம்பம் நின்றுவிட்டது. மீதி இருபத்தொன்பது. வெள்ளிக்குள் முடியுமா என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கால் முழுக்கச் சேற்றுப்புண் வேறு.

ஐந்தரை மணி வாக்கில் மாதையன் என் அறை வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஜெனரேட்டர் நாளைக்கு என்றார்கள், இன்றைக்கே ஆறு மணிக்கு வந்து இறங்கியது. மோட்டார் ஓடிற்று. தொட்டி நிறைந்து குழாயில் தண்ணீர் வந்தபோது இந்த ஊர் போட்ட சத்தம் இருக்கிறதே! ஆட்களும் சேர்ந்து கத்தினார்கள். பம்ப் ரூம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஓடி வந்து, எங்க வீட்டு பல்பு லேசா மினுக்கிச்சு, கரண்ட் வந்துடுச்சா என்று கேட்டாள். ஆசைப்பட்டால் கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்று சிரித்துக்கொண்டே அனுப்பினேன். எட்டு மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். நாளைக் காலை மறுபடி ஓட்டுவார்கள்.

ஆகும் ஆகும் என்றால் ஆகத்தான் செய்கிறது. இன்று நன்றாகத் தூங்குவேன்.

டிசம்பர் 12, புதன்

சென்றாயன்.

டிசம்பர் 13, வியாழன்

தஞ்சாவூரிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். உயிருக்கு ஆபத்து இல்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மீதி விரல்கள் பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

நடந்ததை எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும். ஊருக்குள் பம்ப் ரூமிலிருந்து மூன்றாவது கம்பத்தில் கம்பி இழுத்துக் கட்ட சென்றாயன் ஏறினான். ஒன்பதரை மணி. கம்பியைத் தொட்டுப் பார்த்தான், செத்துத்தான் கிடந்தது. பத்து மணிக்கு ஜெனரேட்டர்க்காரர் வந்து சாவியைத் திருகினார். அவருக்கு என்ன தெரியும்? நான் கீழே நின்று பெல்ட்டைச் சரியாகப் போடு என்று கத்திக்கொண்டிருந்தேன். அவன் பதில் சொல்லவில்லை. உடம்பு விறைத்து ஆடியது, அவ்வளவுதான். தீர்த்தகிரி அண்ணன் காய்ந்த மூங்கிலால் அவன் கையை அடித்து விலக்கினார். யாரோ ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். அவன் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினான். இறக்கும்போது முதலில் ஏணி வைத்து ஏறியது மாதையன்.

சர்வீஸ் ஒயர் வெட்டப்படவே இல்லை.

டிசம்பர் 14, வெள்ளி

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. ஊரில் ஒருத்தரும் கரண்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. தையல்நாயகி அக்கா ஒரு அண்டா நிறையக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆட்கள் வேலைக்குப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

மதியம் ஈஈ சார் வந்தார். எங்கள் செயற்பொறியாளர். நல்ல மனுஷன்தான், என்னை வேலைக்கு வந்த நாளிலிருந்து தெரியும். அறிக்கையை நானே எழுதி அனுப்ப வேண்டும். போகும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "சொன்ன வேலையை அந்தக் காண்ட்ராக்ட் ஆள் செய்யல. உள்ளதை எழுதும்மா. உனக்கு இன்னும் இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் இருக்கு."

உள்ளதுதானே? நான் சொன்னேன், அவர் செய்யவில்லை. பொய் ஒன்றும் இல்லையே.

மாதையன் பள்ளிக்கூடக் கொல்லைப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடவில்லையாம்.

டிசம்பர் 15, சனி

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தேன். வாய்க்கால் கரையில் போய் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். இப்போது டவர் கிடைக்கிறது, போனை லாரி பேட்டரியில் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் போனில் என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்றார். ஜலதோஷம் என்றேன்.

டிசம்பர் 16, ஞாயிறு

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அதிலேயே நான் மறைத்திருக்கிறேன் என்றால் என்னை என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை மாதையன் வாசலில் வந்து நின்றார் என்று எழுதினேன். சும்மா வந்து நிற்கவில்லை. "மேடம்" என்று கூப்பிட்டார். நான் தலை நிமிரவில்லை, மெட்டீரியல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்ல சேதின்னா சொல்லுங்க மாதையன். அழுகைன்னா பாத்திரம் கழுவிட்டு வந்து சொல்லுங்க" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் சிரித்தார். "ஒண்ணுமில்ல மேடம், ஆயிடும்" என்று போய்விட்டார்.

இன்று கொல்லைப் பக்கம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பம்ப் ரூம் கம்பம் சாய்ந்து நின்றதாம், ஏணி மெயின் ரோட்டில் மாட்டிக்கொண்டதாம், ஏணி இல்லாமல் ஏற முடியாது என்று சொல்லத்தான் வந்தாராம். ஜெனரேட்டர் புதன் சாயங்காலம்தான் வரும், காலையில் ஏணி வந்ததும் வெட்டிவிடலாம் என்று நினைத்துவிட்டாராம். சாயங்காலமே மோட்டார் ஓடியதும் அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. மறுபடி வந்து என்னைப் பார்க்கலாமா என்று நினைத்தாராம். ஊரே சிரித்துக்கொண்டிருந்தது, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. விடிந்ததும் ஏணி எடுக்க மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். ஏணியோடு திரும்பி வரும்போதுதான் சத்தம் கேட்டிருக்கிறது.

அது மட்டுமில்லை. அந்தப் பல்பு. ஒரு பெண் வந்து என் முகத்துக்கு நேரே, பல்பு மினுக்கிச்சு என்று சொன்னாள். எஞ்சினியரிங் படித்த எனக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்க வேண்டும். ஆசை என்று சிரித்தேன். யாருக்கு ஆசை? எனக்குத்தான்.

இன்னும் ஒன்று. ஏறுவதற்கு முன் கம்பிகளைச் சேர்த்து மண்ணோடு இணைக்கிற எர்த் சங்கிலி மாட்ட வேண்டும். மாட்டியிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எங்களிடம் ஒரே சங்கிலி, அது மெயின் லைனில். ஊருக்குள் நாலு கம்பத்துக்கு எதுக்கு அண்ணே சங்கிலி, வெள்ளிக்கிழமைக்கு நாள் இல்லை என்று தீர்த்தகிரி அண்ணனிடம் சொன்னது நான். அவர் வாயைத் திறந்தார், பலகையைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

ஊரைத் தூக்கி நிறுத்துகிறேன் பேர்வழி என்று பன்னிரண்டு பேர் வாயையும் தைத்து வைத்திருந்தேன்.

டிசம்பர் 17, திங்கள்

அறிக்கை எழுதியாச்சு. ஒன்றரைப் பக்கம். நேற்று இங்கே எழுதியது எல்லாம் அதில் இருக்கிறது. மெமோ வரும், இன்கிரிமெண்ட் போகும், அதற்கு மேலும் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் ஆட்களை வகுப்பறையில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். காலையிலேயே பாதிப் பேர் பையைக் கட்டி வைத்திருந்தார்கள். போகிறவர்கள் போகலாம், தடுக்க மாட்டேன் என்றேன்.

பிறகு ஈரத்துணியால் பலகையைத் துடைத்தேன். எது சரியில்லை என்று ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள் என்றேன். யாரும் பேசவில்லை. பேச மாட்டார்கள், எப்படிப் பேசுவார்கள்? நானே ஆரம்பித்தேன். கால் புண்ணில் சீழ் வைத்துவிட்டது, பூட்ஸ் போட முடியவில்லை, மூன்று நாளாகத் தூங்கவில்லை, இதுதான் என் கதை என்றேன்.

அப்புறம் கொட்ட ஆரம்பித்தது. ஒருத்தருக்கு நாலு நாளாகக் காய்ச்சல், மாத்திரை போட்டுக்கொண்டு கம்பம் தூக்கியிருக்கிறார். பெல்ட் ஒன்றில் கொக்கி துருப்பிடித்து இளகிவிட்டது. பெரிய ஏணியில் மூன்றாவது படி விரிசல். தீர்த்தகிரி அண்ணனுக்கு பொழுது சாயும் மசங்கல் நேரத்தில் கண் சரியாகத் தெரிவதில்லையாம், ஒரு வருஷமாக. இதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இத்தனையையும் வைத்துக்கொண்டா ஒன்பது கம்பம் ஒன்பது கம்பம் என்று குதித்தேன்?

மாதையன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் இருந்தார்.

காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஏணியை உடைத்து அடுப்புக்குப் போட்டோம். ஈஈ சாரிடம் போனில் சண்டை போட்டு ஐந்து சங்கிலி வாங்கினேன். பதினோரு மணிக்கு மேல்தான் கடப்பாரையை எடுத்தார்கள். ஆனால் எடுத்தார்கள். பையைக் கட்டினவர்களில் ஒருத்தரும் கிளம்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்று மூன்றே கம்பம்.

டிசம்பர் 18, செவ்வாய்

ஊர்க்காரர்களுக்கும் சொல்ல வேண்டும் அல்லவா. தையல்நாயகி அக்கா வீட்டுக்குப் போனேன். பதினாலாம் தேதி என்று நான் சொன்னது வாயில் வந்த தேதி, எப்போது வரும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது என்றேன். மன்னிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அந்தத் தேதிய நம்பித்தானம்மா நெறமாசமா இருக்குற எம் பொண்ண அவ மாமியா வீட்லேர்ந்து அழைச்சிட்டு வந்தேன். தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிருக்கலாமுல்ல. நாங்க என்ன செத்தா போயிருவோம்?"

பிறகு அவரே, தினம் சாயங்காலம் எத்தனை கம்பம் நின்றது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், மற்றதை நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம் என்றார். அப்படியே செய்கிறேன். இன்று நாலு.

டிசம்பர் 19, புதன்

ஏழு கம்பம். மாதையன் வேலை செய்கிறார், சாப்பிடுகிறார், பேசுவதில்லை. சென்றாயனிடம் எல்லாரும் போனில் பேசிவிட்டார்கள். அவர் மட்டும் பேசவில்லை. போனை நீட்டினால் கை கழுவப் போய்விடுகிறார். மெயின் ரோட்டில் வேலை செய்த இன்னொரு கேங் ஆட்கள் அவர்கள் பக்கத்தை முடித்துவிட்டு நம் கம்பங்களையும் பிடிக்க வந்துவிட்டார்கள், புண்ணியவான்கள்.

காலைப் புகார்க் கூட்டம் இன்று இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதில் பத்து நிமிஷம் சாம்பாரைப் பற்றி.

டிசம்பர் 20, வியாழன்

கடைசிக் கம்பம் நின்றது. நாளை மூன்று மணிக்கு லைனில் கரண்ட் விடலாம் என்று முடிவு. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறாராம், ஈஈ சாரும் வருகிறார்.

துணைமின் நிலையத்தில் ஸ்விட்ச் போட வேண்டுமென்றால் நான் போனில் சொல்ல வேண்டும்: என் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், லைனில் மாட்டினதெல்லாம் கழட்டியாச்சு, லைன் கிளியர் என்று. என் வாய் வார்த்தைதான். வேறு யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள். போன வாரம் வரைக்கும் என் வாய் வார்த்தையின் லட்சணம் எனக்குத் தெரியும்.

டிசம்பர் 21, வெள்ளி

இரண்டரை மணிக்கே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஊர் முழுக்கக் கூடிவிட்டது. அதிகாரிக்கு நாற்காலி, இளநீர். ஊரில் மிஞ்சின நாலைந்து தென்னையில் பறித்தது. ஆட்களைத் தலை எண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள். சங்கிலி ஆறும் லாரியில் இருந்தது, நானே தொட்டு எண்ணினேன். தையல்நாயகி அக்காவின் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

மூன்று மணிக்குப் போன் போட்டேன். ஆபரேட்டர் எடுத்தார். சொல்லுங்க மேடம் என்றார். நான் வாயைத் திறக்கப் போகிற சமயம், பின்னாலிருந்து மாதையன் கூப்பிட்டார்.

"மேடம்."

திரும்பினேன். முகம் வெளுத்திருந்தது.

"ஐம்பத்திரண்டாவது கம்பத்துல சங்கிலி பத்தாம, எர்த்துக்குத் துண்டுக் கம்பிய முறுக்கிப் போட்டிருந்தேங்க. அதக் கழட்டுனனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லைங்க மேடம்."

ஈஈ சார் எழுந்துவிட்டார். ஞாபகம் இல்லையா, இத்தனை பேர் காத்திருக்கும்போது இப்போதா ஞாபகம் வருகிறது என்றார். இந்த ஆள் யார் என்று அவருக்குத் தெரியும். மாதையனுக்கும் அவர் யார் என்று தெரியும். பதினேழு வருஷம் காத்திருக்கிறவருக்கு அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் அவர்தான். மாதையன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார், நகரவில்லை.

அந்தத் துண்டு மேலேயே இருந்து கரண்ட் விட்டால் லைன் நெருப்பாக வெடிக்கும். ஆபரேட்டரிடம், இப்போது இல்லை, நான் மறுபடி கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பார்த்துவிட்டு வருகிறோம், ஒரு மணி நேரம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம் என்று சத்தமாகச் சொன்னேன். யாரோ விசிலடித்தார்கள். தீர்த்தகிரி அண்ணனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிறுத்தி, யாரையும் கிட்ட விடாதீர்கள் என்றேன். மாதையனும் நானும் வயலில் இறங்கினோம்.

இரண்டு கிலோமீட்டருக்கு மேல். என் காலில் கட்டு, ஒவ்வொரு எட்டுக்கும் உயிர் போயிற்று. மாதையன் முன்னால் போய், நின்று, கை கொடுத்து, மறுபடி முன்னால் போனார். ஐம்பத்திரண்டாவது கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். மேலே ஒன்றும் இல்லை, வெறும் கம்பிதான். கீழே சேற்றில், முறுக்கின துண்டுக் கம்பி கிடந்தது. இந்தச் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ அவரே கழட்டி அங்கேயே போட்டிருக்கிறார்.

மாதையன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். வீணா மேடம், எல்லாம் வீணாப் போச்சு, அத்தனை பேர் முன்னாடி உங்களுக்கு அசிங்கம் என்று அழுதார்.

பழைய நானாக இருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தது, உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"அடுத்த வாட்டியும் இப்படியே சொல்லுங்க மாதையன். நடுவுல கூப்பிட்டுச் சொல்லுங்க. எழுந்திரிங்க, போலாம்" என்றேன்.

திரும்பி வரும்போது மணி நாலே முக்கால். அதிகாரி போய்விட்டார். ஈஈ சார் காரில் உட்கார்ந்தபடி, இருந்ததா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் கலைந்துவிட்டிருந்தார்கள். தையல்நாயகி அக்கா மட்டும் நான் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார், மகளை நாற்காலியில் உட்கார வைத்து.

ஒவ்வொருத்தர் பேராகக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாரும் பதில் சொன்னார்கள். போன் போட்டு, லைன் கிளியர் என்றேன். ஐந்து மணி பத்து நிமிஷம். வெளிச்சம் இருந்ததால் பல்பு எரிந்ததைப் பார்க்க முடியவில்லை. பம்ப் ரூமில் மோட்டார் இரைந்தது, அதைக் கேட்டுத்தான் கரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள். அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். எங்களைப் பார்த்துக் கை தட்டக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாதையன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்றேன். சென்றாயனுக்கு ஒரு போன் போடணுங்க மேடம் என்றார். என் போன் துணைமின் நிலையத்துக்குப் போட்ட அந்தக் கடைசி அழைப்போடு சார்ஜ் தீர்ந்து அணைந்துபோயிருந்தது. சுவரில் இருந்த பிளக்கில் சார்ஜரைச் செருகி, உயிர் வந்ததும் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். ஒயர் முழம் நீளம்கூட இல்லை. சுவரை ஒட்டிக் குந்திக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது எனக்கும் கேட்டது.

"நான்தான்டா" என்றார்.

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. காலில் பாதி சோப்பு நுரையோடு வெளியே வந்துவிட்டேன்.